இடது கண்ணை மூடிக் கேட்டவர்

எங்கள் இசைக்குழு மாஸ்டரின் அடுக்குமாடி வீடு பினாங்கு ஜெலுத்தோங்கில் இருந்தது. அந்தக் கட்டடத்து லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நிற்கும்போது ஒரு மணி அடிக்கும். எனக்கும் உங்களுக்கும் அது வெறும் மணி. அவருக்கு அது அன்றாடத் தண்டனை.

“எஃப் ஷார்ப் சுரத்துக்குக் கொஞ்சம் கீழ நிக்குது பாரும்மா. ஒன்னு அங்க இருக்கணும், இல்ல எஃப்ல இருக்கணும். ரெண்டுங்கெட்டானா அடிச்சிக்கிட்டு இருக்குலா,” என்பார். சொல்லும்போதே அவருடைய இடது கண் இறுக மூடிக்கொள்ளும். வலது கண் அது பாட்டுக்குத் திறந்திருக்கும். பட்டர்வொர்த்துக்குப் போகும் படகு ஊதினாலும் அப்படித்தான். ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் ஹார்ன் அடித்துக்கொண்டு போனாலும் அப்படித்தான்.

நான் பாடும்போதும் அந்தக் கண் மூடும். ரசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மேடையில் ஓரக்கண்ணால் அவரைப் பார்ப்பேன். மூடியிருந்தால் எனக்குத் தலைகால் புரியாது. இன்னும் கொஞ்சம் இழுத்து, இன்னும் கொஞ்சம் உருகிப் பாடுவேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

பினாங்கில் தமிழர் வீட்டுக் கல்யாணம், பிறந்தநாள் விருந்து, கோயில் திருவிழா எதுவானாலும் கீபோர்டுக்கு அவர்தான். உள்ளூர்க் கலைஞர்கள் போட்ட ஆல்பங்களில் பாதிக்கு வாத்திய அமைப்பு அவருடையது. மற்றவர்கள் மெட்டைச் சீட்டியடித்துக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்கு வயலின் எங்கே, புல்லாங்குழல் எங்கே, எங்கே எல்லாரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று உட்கார்ந்து எழுதுவது இவர். அட்டையில் பெயர் வரும்போது எழுத்து எறும்பளவில் இருக்கும். நடுவில் சில வருடம் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் ஒரு ஹோட்டலில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தார். மலாய்ப் பாட்டு, சீனப் பாட்டு, கேட்டதெல்லாம் வாசிப்பார். பூப்போட்ட பாத்தேக் சட்டையின் கையை முழங்கைக்கு மேலே மடித்து விட்டுக்கொண்டு, பாலும் சீனியும் இல்லாத கோப்பி-ஓவைக் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார். அது ஒருமுறைகூடச் சிந்தியதில்லை.

கீபோர்டில் சுருதியை ஏற்றவும் இறக்கவும் இரண்டு சின்னப் பொத்தான்கள் உண்டு. அவருடையதில் ஏற்றும் பொத்தான் கடையில் வாங்கியபடியே புதிதாக இருந்தது. இறக்கும் பொத்தானில் எழுத்தே இல்லை. கட்டைவிரல் பட்டுப் பட்டு அழிந்துவிட்டது.

கல்யாண மண்டபத்தில் பார்க்க வேண்டும். இரண்டு கிளாஸ் உள்ளே போன மாமா ஒருவர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு பாட ஆரம்பிப்பார். எந்த ஊர்ச் சுருதி என்று அவருக்கே தெரியாது. முதல் வரியை அவர் முடிப்பதற்குள் மாஸ்டர் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். இரண்டாவது வரியில் மாமா வேறெங்காவது நழுவினால் மாஸ்டரும் நழுவுவார். பாட்டு முடிந்ததும் கைத்தட்டல் பறக்கும். மாமா தனக்குள் இத்தனை நாள் ஒரு பாடகன் ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்துவிட்டுக் கண்கலங்கி இறங்குவார். மாஸ்டரின் மேடையில் யாரும் தோற்றதே இல்லை. நானும் சிரித்துக்கொண்டே பார்த்திருக்கிறேன். மாமாவுக்கு நடந்தது எனக்கும் நடக்கிறது என்று ஒருநாளும் தோன்றவில்லை.

நான் பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தேன். வாரக் கடைசியில் குழுவில் பாடுவேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் வருடா வருடம் எங்கள் கச்சேரி. காவடி போகும், பால்குடம் போகும், எதிர்ப் பந்தலில் ஒலிபெருக்கி அலறும். அந்தச் சத்தத்தில் நான் விருத்தம் எடுப்பேன். விருத்தத்துக்குத் தாளமும் கிடையாது, வாத்தியமும் கிடையாது. குரல் மட்டும் தனியாக அலைந்துவிட்டு வந்து நிற்கும், அதற்கப்புறம் வாத்தியங்கள் சேரும். சேரும் அந்த நொடிக்கு முன்னால் மாஸ்டர் வலது கையைத் தொடைப் பக்கம் தொங்கவிட்டு ஒரு விரலைக் கீழே காட்டுவார். கிட்டார் வாசிக்கும் சேகர் அண்ணன் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருப்பார். எல்லாரும் ஒன்றாக விழுவார்கள். அத்தனை சுத்தமாக இருக்கும். கொசு கடிக்கிறது போல, விரலை உதறுகிறார் என்று நினைத்தேன்.

அவருக்கு ஒரு சொல் உண்டு. “பண்ணிரலாம்லா.” யார் எதைக் கேட்டாலும் அதுதான். இல்லை, முடியாது, நீ சொல்வது தவறு என்ற மூன்றும் அவர் வாயில் வராது.

அறுபதை நெருங்கும்போதுதான் அவருக்குப் படம் கிடைத்தது. நிபோங் திபால் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் எடுத்த உள்ளூர்ப் படம். பணம் போட்டவர் லிட்டில் இந்தியாவில் துணிக்கடைக்காரர். இயக்குநர் இளைஞர், நிறையப் பேசுவார். திரையில் ‘இசை’ என்று போட்டுத் தன் பெயர் தனியாக வர வேண்டும் என்பதற்காக மாஸ்டர் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தார். அதை யாரிடமும் சொன்னதில்லை, ஆனாலும் எங்களுக்குத் தெரியும். படம் ஒப்பந்தமான வாரம் மனுஷர் லிஃப்ட் மணியைக்கூடத் திட்டவில்லை.

அந்தப் படத்தில் ஓர் அம்மா சாகும் காட்சி. அதற்கு மாஸ்டர் முதலில் போட்டிருந்ததை நான் கேட்டேன். ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு, அதை மெல்ல மெல்லக் கரைய விட்டிருந்தார். இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டேன். இயக்குநர் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டு, “மாஸ்டர், இங்க டிரம்ஸ் இறக்குனா தியேட்டர் அதிரும்லா,” என்றார். மாஸ்டரின் இடது கண் மூடியது.

“பண்ணிரலாம்லா.”

பண்ணியும் கொடுத்தார். படம் வெளிவந்தது. பின்னணி இசை ஒரே இரைச்சல் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அதற்கப்புறம் அவருக்கு இன்னொரு படம் வரவே இல்லை.

தப்பித்தது ஒரே ஒரு பாட்டு. அது நான் பாடியது. வாத்தியமே இல்லாமல் நீண்ட தொகையறா, அப்புறம் பல்லவி. அவர் வீட்டுப் படுக்கையறையில்தான் பதிவு. துணி அலமாரியைத் திறந்துவைத்து, உள்ளே தொங்கும் அக்காவின் சேலைகளைப் பார்த்தபடி மைக்கை நிறுத்துவார். அக்கா என்றால் மாஸ்டரின் மனைவி. சேலை எதிரொலியைத் தின்றுவிடும் என்பார். தலைவலித் தைலமும் நாப்தலின் உருண்டையும் மணக்கும் அந்த அறையில் நான் வரி வரியாகப் பாடினேன். ஒவ்வொரு வரிக்கும், “சூப்பர்மா, அடுத்தது,” என்றார். நான் போன பிறகு அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, என் குரலை எழுத்து எழுத்தாகப் பிடித்துச் சரியான சுருதிக்குத் தூக்கி வைத்தார். அது எனக்குத் தெரியாது. யூடியூபில் பாட்டைக் கேட்டவர்கள் இந்தப் பெண் யார் என்று கேட்டார்கள். நான்தான் என்று நானும் நம்பினேன்.

கோலாலம்பூரில் ஒரு தொலைக்காட்சி நிலையம் பாட்டுப் போட்டி அறிவித்தது. அந்தப் பாட்டின் பதிவை அனுப்பினேன், நேரில் வரச் சொன்னார்கள். தேர்வானால் மாதக்கணக்கில் அங்கேயே தங்க வேண்டும். கம்பெனியில் அத்தனை நாள் லீவு தர மாட்டேன் என்றார்கள். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. இப்போது விட்டால் எப்போது என்று தோன்றியது. வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, நேராக மாஸ்டர் வீட்டுக்குப் போனேன்.

“மாஸ்டர், கேஎல் போறேன். வேலைய விட்டுட்டேன்.”

அவர் எழுந்து கூரைக் காற்றாடியை நிறுத்தினார். ஏன் நிறுத்தினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. மறுபடியும் போட்டார். என் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

“அம்மா… அந்த தொகையறா வேணாம்மா. நேரா பல்லவிலேர்ந்து எடு.”

“ஏன் மாஸ்டர்? தொகையறாதானே அந்தப் பாட்டுக்கே அழகு?”

அவர் வெகுநேரம் கீபோர்டுத் துணியை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தார்.

“சரி. நல்லா பண்ணுலா,” என்றார்.

உண்மைக்கு அவ்வளவு பக்கத்தில் அவர் வந்தது அந்த ஒருமுறைதான். நான் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொள்ளும்படி அவர் சொல்லவும் இல்லை. அதற்காக அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது.

கோலாலம்பூர் மேடையில் தொகையறாவை எடுத்தேன். உருகித்தான் பாடினேன். முடித்து நின்றேன், வாத்தியங்கள் சேர்ந்தன. கண்ணாடித் தட்டு உடைந்த மாதிரி இருந்தது. அவர்கள் நான் தொடங்கிய சுருதியிலேயே இருந்தார்கள். நான் அரைக்கட்டை கீழே இருந்தேன். அவர்கள்தான் தப்பாக வாசிக்கிறார்கள் என்று நினைத்து, அவர்களைத் திரும்பி முறைத்தேன். அந்த முறைப்பைத்தான் பிறகு நிகழ்ச்சியின் விளம்பரத்தில் சிரிப்புச் சத்தம் சேர்த்துத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். நடுவர் அம்மாள் கையைத் தூக்கி நிறுத்தினார். கடுமையாகக்கூடப் பேசவில்லை.

“நீங்க அனுப்புன ரெக்கார்டிங் கேட்டோம். அது… நீங்க பாடுனதுதானாம்மா?”

பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து சேகர் அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். என்னாச்சு, ஏன் இப்படி ஆச்சு என்று அழுதேன்.  அவர் மாஸ்டரின் விரலைப் பற்றிச் சொன்னார். ஒரு விரல் என்றால் அரைக்கட்டை இறங்கு, இரண்டு விரல் என்றால் ஒரு கட்டை.

“எங்க எல்லாத்துக்கும் தெரியும் தங்கச்சி. நீ தனியா பாடுனா இறங்கிருவ. மாஸ்டர்தான் சொல்லக்கூடாதுன்னாரு.”

அடுக்குமாடி லிஃப்டில் நிற்கும்போது கீழே போவது கண்ணுக்குத் தெரியாது. சுவரும் கூரையும் கூடவே வருகின்றன அல்லவா. அப்படித்தான் அத்தனை வருடமும் ஒரு முழுக் குழுவே என்னோடு சேர்ந்து இறங்கியிருக்கிறது.

பினாங்கு வந்து இறங்கிய மறுநாள் மதியம், மாஸ்டரை அவர் வீட்டுக்குக் கீழே கோப்பி விற்கும் ஒட்டுக்கடைக்கு வரச் சொன்னேன். வந்தார். கோப்பி-ஓ சொன்னார், குடிக்கவில்லை. நான் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கேட்டேன். அவர் எதையும் மறுக்கவில்லை. நான் ஓய்ந்த பிறகு, சம்பந்தமே இல்லாமல் மெட்ராஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

இளவயதில் அவர் மெட்ராஸ் போய்ச் சில வருடம் சினிமாப் பதிவுகளில் கீபோர்டு வாசித்தவர். அதை எங்களிடம் பெருமையாகக்கூடச் சொன்னதில்லை.

“கோரஸ் பாட ஒரு வரிசை பொண்ணுங்க நிக்கிறாங்க. டேக் மேல டேக் போகுது. ஏதோ ஒரு கொரல் ஒட்டல. எது, யாருன்னு மியூசிக் கண்டக்டருக்குப் புடிபடல. எனக்குத் தெரிஞ்சிருச்சு. என் காதப் பத்தி எனக்கு அப்ப ரொம்பத் திமிரு. வெரல நீட்டி, அந்த பச்ச தாவணின்னு காட்டுனேன். அந்தப் பொண்ண வெளிய அனுப்பிட்டாங்க. அடுத்த டேக் ஓகே. எல்லாரும் என்னைய தட்டிக் குடுத்தாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் அந்தப் பொண்ண எங்கயும் பாக்கல. எந்த ஸ்டூடியோவுலயும் பாக்கல. கேட்டேன். பாடறதையே விட்டுருச்சுன்னாங்க.” அவர் தன் வலது கை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சொன்னா போயிருவாங்கம்மா. சொல்லாட்டி இருப்பாங்கன்னு நெனச்சேன்.”

“நானும் போயிட்டேன் மாஸ்டர்,” என்றேன்.

கோப்பிக்குக் காசு வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதோடு பாடுவதையும் விட்டேன். பழைய கம்பெனியில் அந்த வேலை போய்விட்டது. அக்கரையில் பிறை ஊர்ப் பக்கம் வேறொரு தொழிற்சாலையில் சாதாரண ஆளாகச் சேர்ந்தேன். அங்கே சிலர் அந்த விளம்பரத்தைப் பார்த்திருந்தார்கள். பார்த்ததைச் சொல்லாமல் இருக்கும் அளவுக்கு அவர்களுக்கு மனசு பெரிது இல்லை. தீபாவளிக்குத் தீபாவளி மாஸ்டரிடமிருந்து ஃபோன் வரும். சாப்டியாம்மா, அம்மா நல்லாருக்காங்களா என்பார். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை வராது. நானும் எடுக்க மாட்டேன். அந்தப் பேச்சுகளில் பாதி மௌனம்தான். அவர் மௌனத்தைக்கூடச் சுருதி பார்த்துத்தான் விடுவார் போல, ஏனோ அது உறுத்தியதில்லை. ஃபோனை வைத்த பிறகுதான் அழுகை வரும்.

போன வருடம் மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது.

அடுக்குமாடியின் கீழ்த்தளக் கூடத்தில் பெட்டியை வைத்திருந்தார்கள். நெற்றியில் திருநீறு, பாத்தேக் சட்டை, கை மட்டும் மடிக்காமல் மணிக்கட்டு வரை பொத்தான் போடப்பட்டிருந்தது. பக்கத்தில் லிஃப்ட் வந்து நிற்கும்போதெல்லாம் அந்தப் பாழாய்ப்போன மணி அடித்துக்கொண்டே இருந்தது. குழு ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். சேகர் அண்ணன் கிட்டாரைக் கொண்டு வந்திருந்தார். கீபோர்டு வாசிக்க யாரும் இல்லை, அதனால் அதை யாரும் கீழே கொண்டு வரவில்லை.

பத்து லஞ்சாங்கில் இருக்கும் மின்சுடலைக்கு எடுத்துப் போவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் அக்கா என் கையைப் பிடித்தார்.

“அவரோட படத்துப் பாட்ட ஒரு வாட்டி பாடும்மா. நீ பாடுனா போதும், அப்பிடியே கண்ண மூடிக்குவாரு தெரியுமா. வேற யாரு பாடியும் அப்பிடி நான் பாத்ததில்ல. அவ்வளவு இஷ்டம் அவருக்கு.”

அக்கா அந்தக் கண்ணோடு நாற்பது வருடம் குடித்தனம் நடத்தியவர்.  தெரியும்க்கா என்றேன்.

சேகர் அண்ணன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சுருதிக்கு ஒரு தந்தியை மீட்டிவிட்டு நிறுத்தினார். நான் தொகையறாவை எடுத்தேன். இத்தனை வருடம் பாடாத குரல் கரகரத்தது. அவருடைய மெட்டு அது. ஒவ்வொரு வளைவிலும் அவர் எனக்காக என்ன யோசித்திருப்பார் என்று தெரிந்தது. மூச்சு வாங்கும் இடங்கள்கூட என் மூச்சை அளந்து வைத்தவை. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வரிக்கு வந்தேன்.

முடிக்கும்போது சேகர் அண்ணன் தலையைத் திருப்பிப் பக்கவாட்டில் பார்த்தார். கீபோர்டு இருந்திருக்க வேண்டிய இடத்தில், தொடை உயரத்தில் பார்த்தார். அங்கே ஒரு நெகிழி நாற்காலியும் மினரல் வாட்டர் பெட்டியும் இருந்தன. ஒரு கணம் தடுமாறினார். பிறகு அவரே இடது கையைக் கிட்டாரில் ஒரு கட்டம் கீழே நகர்த்தினார். எனக்காகத்தான்.

“அண்ணே,” என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். “வேணாண்ணே. அங்கயே இருங்க. நான் ஏறி வரேன்.”

அவர் என்னைப் பார்த்தார். கையை மறுபடியும் மேலே கொண்டு போனார். வாசித்தார். எனக்கும் அந்த ஒலிக்கும் நடுவே இருந்த தூரத்தை முதல் தடவையாக நானே கேட்டேன். அரைக்கட்டைதான். அத்தனை வருடமும் அவர் குனிந்து குனிந்து என்னைத் தாங்கிய உயரம் அதுதான். நான் பல்லவியை எடுத்து, கிட்டாரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். கழுத்து நரம்பு தெறித்தது. அக்கா வாய்விட்டு அழுதார். பாட்டு முடிந்தது.

பெட்டியைத் தூக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். நான் சேகர் அண்ணன் பக்கத்தில் போனேன்.

“சேந்துச்சாண்ணே?”

“நல்லா இருந்துச்சு தங்கச்சி,” என்றார். கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

இனி யாரைக் கேட்பது? மூடியைக் கொண்டு வருவதற்குள் பெட்டியருகே ஓடி, குனிந்து அவர் முகத்தைப் பார்த்தேன். இடது கண்ணைத்தான் பார்த்தேன். மூடியிருந்தது. வலது கண்ணும் மூடியிருந்தது.